தடுப்புக்காவல் எண்ணிக்கைகளும் பாடவேறுபாடும்: அரசு ஆவணப் பிழைகளைக் கையாளும் நெறி

முன்னுரை

புறநானூறு நானூறு பாடல்களைக் கொண்ட தொகை நூல். அவற்றுள் 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்த காலந்தொட்டு இன்றுவரை எப்பதிப்பாசிரியரும் எஞ்சிய பாடல்களுக்கு மறு எண்ணிட்டு அவ்விடைவெளியை மூடிவிடவில்லை. சிதைந்த அடிகள் சிதைந்தனவாகவே காட்டப்பெற்றன. சுவடிகள் தம்முள் மாறுபட்ட இடங்கள் பிரதிபேதம் என அடிக்குறிப்பில் இடம்பெற்றன. கிடைத்ததை உள்ளவாறு காட்டுதல், கிடைக்காததைக் கிடைக்காதது எனக் கூறுதல், மாறுபடுவதை மறைக்காது தருதல் ஆகிய மூன்றும் தமிழ்ப் பதிப்புலகம் நமக்களித்த நெறிகளாகும்.

இந்நெறிகள் பழஞ்சுவடிகளுக்கு மட்டுமே உரியன அல்ல. தற்கால அரசுகள் வெளியிடும் புள்ளிவிவரங்களும் ஒருவகையில் சுவடிகளே. அவற்றிற்கும் எழுதியோர் உண்டு, படியெடுத்தோர் உண்டு, இடைச்செருகலும் விடுபாடும் உண்டு. புலம்பெயர்வு ஆய்வு தமிழியலின் ஒரு கிளையாக வளர்ந்துவிட்ட இந்நாளில், குடிபெயர்ந்தோர், அகதிகள், தடுத்துவைக்கப்பட்டோர் ஆகியோரின் எண்ணிக்கைகளை நம் ஆய்வேடுகள் அடிக்கடி மேற்கோளாகக் காட்டுகின்றன. ஆயின் ஒரு செய்யுளடிக்குப் பாடவேறுபாடு தேடும் ஆய்வாளர், அரசு தந்த எண்ணுக்கு அவ்வாறு தேடுவது அரிதாகவே உள்ளது. குடியேற்றத் தடுப்புக்காவல் குறித்த அரசு எண்ணிக்கைகளில் பிழைகளும் முரண்களும் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றை வரலாற்று ஆய்வாளர் எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியேற்றத் தடுப்புக்காவல் என்பது குற்றத்திற்கு நீதிமன்றம் விதிக்கும் தண்டனை அன்று. நாட்டினுள் நுழையவோ தங்கவோ உரிமையுடையவர் அல்லர் எனக் கருதப்படும் ஒருவரை, முடிவு தெரியும்வரை அல்லது நாட்டைவிட்டு அனுப்பும்வரை நிருவாக ஆணையால் தடுத்துவைப்பதே அது. அதனால் இத்தகையோர் சிறைக்கணக்கில் இடம்பெறாமற் போவதுண்டு. அவர்களுக்கெனத் தனிக்கணக்கு இருப்பின் அது செம்மையாக இருத்தல் இன்றியமையாதது. கணக்கில் இல்லாத ஒருவரைத் தேடிச்செல்ல வழக்கறிஞருக்கும் உறவினருக்கும் வழியில்லை என்பதே அதற்குக் காரணம்.

ஏஞ்சல் தீவு: ஒரு பழைய முரண்

சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் 1910ஆம் ஆண்டு சனவரி முதல் 1940ஆம் ஆண்டுவரை அமெரிக்க அரசின் குடியேற்ற நிலையம் இயங்கியது. 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தின் கீழ் வந்திறங்கிய சீனர் பலர் இங்குதான் தடுத்துவைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டனர். 1940 ஆகஸ்டில் ஏற்பட்ட தீவிபத்தில் நிலையத்தின் நிருவாகக் கட்டடம் எரிந்தது. அதன்பின் நிலையமும் மூடப்பட்டது.

இங்கு எத்தனை சீனர் தடுத்துவைக்கப்பட்டனர் என்னும் வினாவிற்கு நெடுங்காலமாக 1,75,000 என்னும் விடை பல வெளியீடுகளில் வழங்கிவந்தது. எரிகா லீ, ஜூடி யங் ஆகிய இருவரும் மூல ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தீவில் தடுத்துவைக்கப்பட்ட சீனர் ஏறத்தாழ 1,00,000 பேர் எனக் கணித்தனர். அனைத்து நாட்டவரும் சேர்ந்து ஏறத்தாழ 3,00,000 பேர் என்பதும், அவர்களுள் தெற்காசியர் ஏறத்தாழ 8,000 பேர் என்பதும் அவர்தம் கணிப்பாகும்.

இவ்விரு எண்களின் இடைவெளி நம் கவனத்திற்குரியது. துறைமுகத்தின் வழியே வந்தோர், அவ்வழியே நாட்டைவிட்டுச் சென்றோர், கப்பலிலேயே சோதிக்கப்பட்டு அன்றே கரையேறியோர், தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டோர், அங்குப் பல மாதங்கள் அடைபட்டிருந்தோர் ஆகிய ஐந்து பிரிவினரும் ஒருவரல்லர். ‘நிலையத்தின் வழியே சென்றோர்’ என்னும் ஒரு தொடர் இவ்வைவரையும் ஒன்றாக்கிவிட வல்லது. எண்ணைக் கூட்டியதில் பிழை இல்லாவிடினும், எண்ணுக்குத் தரப்பட்ட பெயரில் பிழை நேரும்போது வரலாறு மாறிவிடுகிறது. இவ்வடிப்படை வேறுபாட்டை உணர்ந்தாலன்றிப் பிற்காலத்து எண்ணிக்கைகளையும் விளங்கிக்கொள்ள இயலாது.

இருப்பும் வருகையும்

ஒரு குளத்தில் இன்று நிற்கும் நீர் வேறு. ஓராண்டில் அதனுள் பாய்ந்த நீர் வேறு. தடுப்புக்காவல் எண்ணிக்கையிலும் இவ்வேறுபாடு உண்டு. குறிப்பிட்ட ஒரு நாளில் உள்ளே இருப்போர் எண்ணிக்கையை இருப்பு எனவும், ஒரு காலப்பகுதியில் உள்ளே கொண்டுவரப்பட்டோர் எண்ணிக்கையை வருகை எனவும் இக்கட்டுரை குறிக்கிறது.

அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டுமுதல் தடுப்புக்காவலை நடத்திவரும் குடியேற்ற மற்றும் சுங்கச் செயலாக்க முகமை, 2019ஆம் நிதியாண்டிற்குத் தந்த எண்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவ்வாண்டில் நாள் சராசரி இருப்பு 50,165. அதே ஆண்டில் முதன்முறை உட்சேர்க்கைகள் 5,10,854. ஒரே அலுவலகம், ஒரே ஆண்டு. எண்களோ பத்து மடங்கு வேறுபடுகின்றன. இரண்டும் தத்தம் அளவில் பொருந்துவனவே. ‘2019இல் அமெரிக்கா ஐம்பதாயிரம் பேரைத் தடுத்துவைத்தது’ என எழுதுபவரும் ‘ஐந்து இலட்சம் பேரைத் தடுத்துவைத்தது’ என எழுதுபவரும் அரசு ஆவணத்தையே சான்று காட்ட இயலும். எந்த எண் எதனை எண்ணுகிறது எனக் கூறாதவிடத்து இருவர் கூற்றும் வாசகரை மயக்குவனவாகும்.

நாள் சராசரி என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அம்முகமை முகாம்தோறும் தரும் சராசரி, நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் முதல் நாளிலிருந்து கழிந்த எல்லா நாள்களுக்கும் கணக்கிடப்படுகிறது. ஒரு முகாம் ஏப்ரல் முதல் நாள் திறக்கப்பட்டு, அன்றுமுதல் நாள்தோறும் 400 பேரைக் கொண்டிருந்தது எனக் கொள்வோம். செப்டம்பர் இறுதியில் அதன் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 200 என்றே அட்டவணையில் நிற்கும். ஒரு நாளேனும் அங்கு 200 பேர் இருந்ததில்லை. அவ்வாறே மூடப்பட்ட முகாம் ஒன்றும் அட்டவணையில் சில மாதங்கள் மெல்லத் தேய்ந்துகொண்டே உயிர்வாழும். அட்டவணையை மட்டும் கொண்டு ஒரு முகாமின் நெரிசலை அளக்க முற்படுவோர் இங்கு இடறுவர்.

கணக்கீட்டுப் பிழையும் விடுபாடும்

மேற்கூறியவை வரையறையால் எழும் முரண்கள். இனி உண்மையான பிழைகளை நோக்கலாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பாகிய அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2018 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2015ஆம் நிதியாண்டிற்கான வரவுசெலவுக் கோரிக்கையில் நேர்ந்த ஒரு பிழையால், தடுப்புக்காவல் செலவு 12 கோடியே 90 இலட்சம் டாலர் அளவிற்குக் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்ததை அது சுட்டியது. ஒரு படுக்கைக்கான நாட்செலவை எதிர்பார்க்கும் சராசரி இருப்பினால் பெருக்கியே அச்செலவு மதிப்பிடப்படுகிறது. பெருக்கப்படும் எண் ஒன்றில் நேரும் சிறு பிழையும் முடிவில் பெருந்தொகையாகிறது.

படுக்கை என்னும் அலகிற்கே ஒரு வரலாறு உண்டு. 2010ஆம் நிதியாண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் 33,400 படுக்கைகளுக்குக் குறையாமல் பேணவேண்டும் என விதித்தது. பின்னர் இவ்வெண் 34,000 ஆயிற்று. 2017இல் இவ்விதி கைவிடப்பட்டது. ‘பேணுதல்’ என்பது படுக்கைகளை ஆயத்தமாக வைத்திருத்தலா, அவற்றில் ஆட்களை நிரப்புதலா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரு சொல்லின் பொருள்கோளில் பல்லாயிரவரின் விடுதலை தங்கியிருந்தது எனலாம். எண்ணிக்கை நிகழ்வைப் பதிவு செய்வதோடு நில்லாமல் நிகழ்வையே உருவாக்கும் தன்மையது என்பதும் இதனால் அறியப்படும்.

இவற்றினும் நுட்பமானது விடுபாடு. அதே தணிக்கை அலுவலகம் 2024 சூலையில் வெளியிட்ட மற்றோர் அறிக்கை, முகமையின் பொது அறிக்கைகள் தடுத்துவைக்கப்பட்டோரின் மொத்த எண்ணிக்கையைக் குறைத்தே காட்டுகின்றன எனக் கண்டது. முதலில் சிலவகைத் தற்காலிக இடங்களில் பதிவு செய்யப்பட்டுப் பின்னர்த் தடுப்பு முகாமிற்கு மாற்றப்பட்டோர் அக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இவ்வாறு விடுபட்டோர் பல்லாயிரவர். பதிவேட்டில் அவர்கள் இருந்தனர், அறிக்கையில் இல்லை. அஃதாவது, மூலச்சுவடியில் உள்ள பாடல் அச்சுப்பதிப்பில் விடுபட்டதை ஒத்த நிலை இது.

இத்தகைய பிழைகளை வெளிக்கொணர்வதில் பல்கலைக்கழகங்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் 1989ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆவண ஆய்வு மையம், முகமை வெளியிடும் அட்டவணைகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டு வருகிறது. தடுப்புக்காவலுக்கு மாற்றாக மின்னணுக் கருவிகளால் கண்காணிக்கப்படுவோர் பற்றிய எண்ணிக்கைகளில் பெரும்பிழைகள் இருந்ததை அது 2022இல் வெளிப்படுத்தியது. முகமையும் அவற்றைத் திருத்த நேர்ந்தது. பழைய அட்டவணைகளைப் பேணி வைத்திராவிடின் இவ்வொப்பீடு இயன்றிராது.

பிரிக்கப்பட்ட குழந்தைகள்: ஓர் எண்ணின் ஐந்து பாடங்கள்

எண்ணிக்கைப் பிழை மனித வாழ்வை எவ்வாறு தாக்குகிறது என்பதற்கு 2018ஆம் ஆண்டு நிகழ்வுகளினும் தெளிவான சான்று இல்லை. அவ்வாண்டு அமெரிக்க அரசு மேற்கொண்ட கடுங்கொள்கையால், மெக்சிகோ எல்லையைக் கடந்து வந்த பெற்றோர் குற்ற வழக்கிற்காகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் குழந்தைகள் வேறொரு துறையின் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டனர். 2018 சூன் 26ஆம் நாள் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, ஐந்து வயதிற்குட்பட்டோரை 14 நாள்களுக்குள்ளும் ஏனையோரை 30 நாள்களுக்குள்ளும் பெற்றோரிடம் சேர்க்குமாறு ஆணையிட்டது. எத்தனை குழந்தைகள் என்னும் வினா அப்போதுதான் முழு வன்மையுடன் எழுந்தது.

2018 சூனில் அரசு தந்த எண் 2,053. 2019 சனவரியில் நலத்துறையின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கையில் 2,737. நீதிமன்ற ஆணைக்கு முன்னரே மேலும் பல்லாயிரவர் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்பதையும் அவ்வறிக்கை ஒப்புக்கொண்டது. 2019 அக்டோபரில் மேலும் 1,556 குழந்தைகள் அடையாளம் காணப்பட, மொத்தம் 5,400க்கு மேற்பட்டது. 2021ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட துறையிடைப் பணிக்குழு அவ்வாண்டு சூனில் தந்த எண் 3,913. மேலும் 1,723 நேர்வுகள் ஆய்வில் இருந்தன. இரண்டையும் கூட்டினால் 5,636.

இவ்வெண்களை வரிசையாக நோக்குவார் முதலில் ஏறி, பின்னர் இறங்கி, மீண்டும் ஏறுவதாக மயங்குவர். உண்மையில் ஒவ்வோர் எண்ணும் வேறொரு வினாவிற்கு விடையாகும். முதலாவது அன்றைய நிலையில் காப்பகத்தில் இருந்தோரை எண்ணியது. இரண்டாவது நீதிமன்ற வழக்கின் வரையறைக்குள் வந்தோரை எண்ணியது. மூன்றாவது ஆணைக்கு முன்னர் விடுவிக்கப்பட்டோரையும் சேர்த்தது. நான்காவது கடுங்கொள்கையின் கீழ்ப் பிரிக்கப்பட்டமை உறுதி செய்யப்பட்டோரை மட்டும் கொண்டது. ஐந்தாவது ஐயத்திற்குரிய நேர்வுகளையும் உட்கொண்டது.

எனினும் எல்லாவற்றையும் வரையறை வேறுபாடாகக் கருதி அமைதி கொள்ளலாகாது. பிரிந்த குடும்பங்களைப் பின்தொடரத் தேவையான தொழில்நுட்ப வசதி உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் இல்லை என்பதை அத்துறையின் தலைமை ஆய்வாளரே 2019 நவம்பர் அறிக்கையில் எடுத்துரைத்தார். பெற்றோர் ஒரு துறையின் பதிவேட்டிலும் குழந்தை மற்றொரு துறையின் பதிவேட்டிலும் இருந்தனர். இருவரும் எண்ணப்பட்டிருந்தனர், இருவருக்கும் இடையிலுள்ள உறவு நம்பத்தகுந்த வகையில் பதியப்படவில்லை. தாயைத் தேடும் குழந்தைக்குத் தனித்தனி எண்ணிக்கைகளால் ஆவதொன்றில்லை. எண்ணின் பிழையைவிட உறவின் விடுபாடே இங்குப் பெருந்தீங்கு விளைத்தது.

அசாம்: வகைப்பாட்டின் சிக்கல்

நம் நாட்டின் சான்றொன்றையும் இங்கு நோக்குதல் தகும். அசாம் மாநிலத்தில் கோல்பாரா, கோக்ரஜார், சில்சார், திப்ருகர், ஜோர்ஹாட், தேஜ்பூர் ஆகிய ஆறு இடங்களில் மாவட்டச் சிறைகளின் பகுதிகளே வெளிநாட்டவருக்கான தடுப்பு மையங்களாக இயங்கின. நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விடைகளின்படி 2019 சூன் 25ஆம் நாள் அங்கிருந்தோர் 1,133. அவர்களுள் மூன்றாண்டிற்கு மேற்பட்டோர் 335. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இருந்தோர் 988. 2016 முதல் 2019 அக்டோபர் 13 வரை இறந்தோர் 28 எனவும் விடையளிக்கப்பட்டது.

ஐந்து மாதங்களில் 145 பேர் குறைந்தனர். மூன்றாண்டு கழித்தோரை நிபந்தனையுடன் விடுவிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் ஆணையிட்டிருந்தமை ஒரு காரணமாகலாம். ஆயின் விடுதலை, நாடு கடத்தல், இறப்பு, புதிய வருகை ஆகிய நான்கும் கலந்தே இவ்வேறுபாடு அமைகிறது. இருப்பு எண்கள் இரண்டை மட்டும் கொண்டு 145 பேர் விடுதலையாயினர் எனக் கூறுவது பிழை. 2019 ஆகஸ்டு 31இல் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் இடம்பெறாத 19,06,657 பேரைத் தடுத்துவைக்கப்பட்டோர் எண்ணிக்கையோடு குழப்பிக்கொள்வது அதனினும் பெரும்பிழை.

பெயர்மாற்றமும் ஒரு சிக்கலாகும். 2021இல் இம்மையங்கள் இடைத்தங்கல் முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டன. 2023 சனவரியில் கோல்பாரா மாவட்டத்து மட்டியாவில் தனியே கட்டப்பட்ட முகாம் பயன்பாட்டிற்கு வந்தது. ‘தடுப்பு மையம்’ என்னும் தலைப்பில் மட்டும் தேடும் பிற்கால ஆய்வாளர், 2021க்குப் பின் அசாமில் எவரும் தடுத்துவைக்கப்படவில்லை என முடிவுகட்டவும் கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ‘வெளிநாட்டவர்’ என்னும் தலைப்பே ஆய்விற்குரியது. அது பிறப்பால் அமைந்த உண்மை அன்று. ஒரு தீர்ப்பாயத்தின் முடிவு. தீர்ப்பாயத்தால் வெளிநாட்டவர் என அறிவிக்கப்பட்ட அசாமியர் ஒருவரை 2024 சூலையில் உச்ச நீதிமன்றம் இந்தியக் குடிமகன் எனத் தீர்ப்பளித்தது. அப்போது அவர் உயிருடன் இல்லை. அத்தீர்ப்பு வரும்வரை வெளியான கணக்குகளில் அவர் எந்தத் தலைப்பின் கீழ் நின்றார் என்பதை எண்ணிப்பார்க்கும்போது, ஓர் அட்டவணையின் தலைப்புச் சொல் எத்துணைச் சுமையுடையது என்பது புலனாகும்.

பிழையே சான்றாதல்

பிழையைக் களைவது மட்டுமே ஆய்வாளர் பணி என எண்ணிவிடலாகாது. சிலவிடத்துப் பிழையின் சுவடே உண்மைக்கு வழிகாட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் நிலையான வதிவுரிமை பெற்ற பெண் ஒருவர், மனநோயுற்ற நிலையில் பத்து மாதங்கள் தவறாகத் தடுத்துவைக்கப்பட்டிருந்தமை 2005 பிப்ரவரியில் வெளிப்பட்டது. அதனையொட்டிக் குடியேற்றத் துறையின் தரவுத்தளம் ஆராயப்பட்டபோது, விடுவிப்புக் காரணமாக ‘சட்டவிரோதமானவர் அல்லர்’ என்னும் குறிப்பைத் தாங்கிய பதிவுகள் பல காணப்பட்டன. முறைகேடர்வு அலுவலரின் ஆய்விற்கு இறுதியில் 247 நேர்வுகள் அனுப்பப்பட்டன. அக்குறிப்பு ஒரு முரண்: தடுத்துவைத்தற்குரிய காரணத்தை விடுவிப்புக் காரணம் மறுத்தது. அட்டவணையை ‘ஒழுங்கு’ செய்யும் ஆர்வத்தில் எவரேனும் அக்குறிப்பை நீக்கியிருப்பின், அந்நேர்வுகள் வெளிப்பட்டிரா.

கையாளும் நெறிகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

1. எண்ணைக் காட்டுமிடத்தெல்லாம் அது இருப்பா, வருகையா, சராசரியா என்பதும், எந்நாளுக்குரியது என்பதும், யார் உட்பட்டோர், யார் விடுபட்டோர் என்பதும் உடன் கூறப்படல் வேண்டும்.

2. ஒரே பொருள் குறித்து இரண்டு அரசு எண்கள் மாறுபடின், பெரியதையோ சிறியதையோ தம் கருத்திற்கேற்பத் தெரிந்துகொள்ளாது இரண்டையும் பாடவேறுபாடாகத் தந்து, ஏற்கும் பாடத்திற்குக் காரணம் காட்டுதல் வேண்டும். இரண்டின் சராசரியைக் கொள்வது எச்சுவடியிலும் இல்லாத ஒரு பாடத்தைப் புனைவதற்கு ஒப்பாகும்.

3. அரசு திருத்திய எண்ணை வெளியிடின், பழைய எண்ணையும் வெளியான நாளுடன் பேணிவைத்தல் வேண்டும். திருத்தத்தின் வரலாறும் வரலாறே.

4. கூட்டிப் பார்த்தலும் ஒப்பிட்டுப் பார்த்தலும் இன்றியமையாதன. முதல்நாள் இருப்புடன் வருகையைக் கூட்டி வெளியேறியோரைக் கழித்தால் இறுதிநாள் இருப்பு கிடைத்தல் வேண்டும். கிடைக்காவிடின் அவ்விடத்திலேயே ஆய்வு தொடங்குகிறது.

5. வெற்றுக்கட்டமும் சுழியமும் ஒன்றல்ல. எண்ணப்படவில்லை என்பதனை எவரும் இல்லை எனப் படித்தல் தகாது.

6. தலைப்புச் சொற்களின் பெயர்மாற்றம் காலவரிசையில் குறிக்கப்படல் வேண்டும்.

7. பிழையெனத் தோன்றுவதைத் திருத்தும்போது மூலத்தை அழியாது வைத்தல் வேண்டும். திருத்தம் ஆய்வாளருடையது, ஆவணம் அவருடையதன்று.

முடிவுரை

அரசு எண்ணிக்கையில் பிழை கண்டவிடத்து இருவகை மனநிலைகள் தோன்றுவதுண்டு. அரசு கூறுவதெல்லாம் பொய் எனத் தள்ளுவது ஒன்று. சிறு பிழை எங்கும் உள்ளதே எனக் கடந்துபோவது மற்றொன்று. இரண்டும் ஆய்வு நெறி ஆகா. இக்கட்டுரையில் சுட்டப்பெற்ற பிழைகளுள் பலவற்றை வெளிப்படுத்தியவை அரசுகளின் தணிக்கை அமைப்புகளும் அரசுப் பதிவேடுகளுமே. ஆவணத்தை நம்புவதற்கும் ஐயுறுவதற்கும் இடைப்பட்ட வழி, அதனை ஒரு சுவடியாகக் கருதிப் பதிப்பிப்பதாகும்.

புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்கள் வெறுமையாக நிற்பதனாலேயே அங்கு இரு பாடல்கள் இருந்தன என்பதை நாம் அறிகிறோம். தடுத்துவைக்கப்பட்டோர் கணக்கிலும் விடுபட்டோர்க்குரிய இடத்தை வெற்றிடமாகவேனும் காட்டுதல் நம் கடமையாகும். அவ்விடத்தை மூடிவிட்டால், அங்கு ஒருவர் இருந்தார் என்பதை அறியும் வாயிலும் மூடப்பட்டுவிடும்.